எலியின் நான்கு நாள் சுழற்சி: சினைப்பை ஹார்மோன்கள் இயங்கும் விதம்

சினைப்பை ஹார்மோன்களுக்கான இரத்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படும் பெண்களிடம், மாதவிடாய் தொடங்கிய 2 அல்லது 3-ஆம் நாளில் ஒருமுறையும், 21-ஆம் நாள் வாக்கில் மற்றொரு முறையும் வருமாறு கூறப்படுகிறது. "இரத்தம் எடுப்பதற்குக்கூட நாள் பார்க்க வேண்டுமா?" என்ற கேள்வி புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழுகிறது. பார்க்கத்தான் வேண்டும். ஒரே பெண்ணின் இரத்தத்தில் ஒரே ஹார்மோன் ஒரு மாதத்திற்குள் பல மடங்கு ஏறி இறங்குகிறது. எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது தெரியாத அறிக்கை, எந்த ஊர் என்று குறிப்பிடாத மழையளவைப் போன்றது.

இந்த ஏற்ற இறக்கத்தின் ஒழுங்கு முதன்முதலில் தெளிவாகப் புலப்பட்டது பெண்களிடம் அன்று. ஆய்வுக்கூட எலி போன்ற சிறு விலங்குகளிடம். எலியின் சுழற்சியைப் புரிந்துகொண்டவர்க்கு மருத்துவர் கூறும் நாள் கணக்கும், தரும் மாத்திரையின் நோக்கமும் எளிதில் விளங்கும். அதே வேளையில், எலியில் காணப்பட்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்தக் கூடாத இடங்களும் உள்ளன. இரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஆய்வுக்கு எலி ஏன்?

பெண்ணின் மாதவிடாய்ச் சுழற்சி சராசரியாக 28 நாட்கள் கொண்டது. எலியின் சுழற்சியோ 4 அல்லது 5 நாட்களில் நிறைவுறுகிறது. ஒரு மாதத்தில் ஓர் எலியிடம் ஆறேழு சுழற்சிகளைக் காண இயலும். எலிக்கு மாதவிடாய் உதிரப்போக்கு கிடையாது. கால்நடை வளர்ப்போர் "மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது" என்று கூறுவார்கள் அல்லவா, அத்தகைய பருவம் எலிக்கும் உண்டு. ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவம் வரையிலான காலமே சினைப்பருவச் சுழற்சி எனப்படுகிறது.

உதிரம் வெளிப்படாத விலங்கில் சுழற்சி எந்த நிலையில் உள்ளது என்பதை அறிவது எப்படி? இதற்கு விடை 1917-இல் கிடைத்தது. சார்லஸ் ஸ்டாக்கார்டு, ஜார்ஜ் பாப்பனிக்கோலாவ் ஆகிய இருவரும் கினிப்பன்றியின் பிறப்புறுப்புப் பாதையிலிருந்து எடுத்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்து, அச்செல்களின் வடிவம் சினைப்பையின் நிலைக்கேற்ப மாறுவதைக் கண்டறிந்தனர். 1922-இல் கலிபோர்னியாவில் ஜோசப் லாங், ஹெர்பர்ட் எவன்ஸ் ஆகியோர் இம்முறையை எலியில் பயன்படுத்தி, அதன் சுழற்சியை முழுமையாக விவரித்து வெளியிட்டனர். கருப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் பாப் ஸ்மியர் பரிசோதனையின் பெயரில் உள்ள 'பாப்', மேற்கூறிய பாப்பனிக்கோலாவைக் குறிப்பதே. விலங்கு ஆய்வினால் தமக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்றைச் சொன்னாலே போதுமானது என்று கருதுகிறேன்.

நான்கு நிலைகள்

எலியின் சுழற்சி புரோஈஸ்ட்ரஸ், ஈஸ்ட்ரஸ், மெட்டீஸ்ட்ரஸ், டையீஸ்ட்ரஸ் என நான்கு நிலைகளாகப் பகுக்கப்படுகிறது. புரோஈஸ்ட்ரஸ் ஏறத்தாழ 12 முதல் 14 மணி நேரம் நீடிக்கும். நுண்ணோக்கியில் உட்கருவுடன் கூடிய உருண்டையான செல்கள் காணப்படும். அடுத்து வரும் ஈஸ்ட்ரஸ் ஒரு நாளுக்குச் சற்று மிகுதியாக நீடிக்கும். செல்கள் உட்கருவை இழந்து, மீன் செதில் போன்று தட்டையாகிவிடும். கருமுட்டைகள் வெளியேறுவது இந்நிலையின் தொடக்கத்தில், நள்ளிரவுக்குப் பிந்தைய மணி நேரங்களில். மெட்டீஸ்ட்ரஸ் சில மணி நேரமே. எஞ்சிய இரண்டு நாட்களுக்கு மேற்பட்ட காலம் டையீஸ்ட்ரஸ். அப்போது வெள்ளையணுக்களே மிகுந்து காணப்படும்.

இம்மாற்றங்களை நிகழ்த்துவது சினைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் என்பதை 1923-இல் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி ஆகியோர் மெய்ப்பித்தனர். சினைப்பை அகற்றப்பட்ட எலிகளிலும் சுண்டெலிகளிலும் சுழற்சி நின்றுவிடும். செதில் போன்ற செல்கள் தோன்றா. அவ்விலங்குகளுக்கு, இறைச்சிக்கூடத்திலிருந்து பெறப்பட்ட பன்றிச் சினைப்பைகளின் முட்டைப்பை நீரிலிருந்து எடுத்த சாற்றைச் செலுத்தியதும், பருவ நிலைக்குரிய செல்கள் மீண்டும் தோன்றின. அச்சாற்றில் இருந்ததே பின்னர் ஈஸ்ட்ரோஜன் எனப் பெயர் பெற்றது. 1929-இல் கருவுற்ற பெண்களின் சிறுநீரிலிருந்து அதன் ஒரு வகை படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது.

ஈஸ்ட்ரடையாலின் இரு முகங்கள்

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்னும் ஹார்மோனைச் சிறு சிறு துடிப்புகளாக வெளியிடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி எப்.எஸ்.எச்., எல்.எச். ஆகிய இரண்டையும் இரத்தத்தில் கலக்கிறது. இவை சினைப்பையை அடைந்து முட்டைப்பைகளை வளர்க்கின்றன. ஸ்கேன் அறிக்கையில் 'ஃபாலிக்கிள்' என்று எழுதப்படுவது இம்முட்டைப்பையே. வளரும் முட்டைப்பைகள், ஈஸ்ட்ரோஜன்களுள் வலிமை மிக்கதான ஈஸ்ட்ரடையாலைச் சுரக்கின்றன.

ஈஸ்ட்ரடையால் குறைந்த அளவில் இருக்கும்போது மூளையையும் பிட்யூட்டரியையும் அடக்கி வைக்கிறது. மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவையை இதற்கு ஒப்பிடலாம். சினைப்பை அகற்றப்பட்ட எலியில் எப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் உயர்ந்துவிடுவதற்கு அம்மிதவை இல்லாமற்போனதே காரணம். மாதவிடாய் முற்றாக நின்ற பெண்ணின் அறிக்கையில் எப்.எஸ்.எச். மிகுதியாக இருப்பதும் இதனால்தான். அந்த உயர்வு ஒரு நோயன்று. பதில் வராத கதவை மூளை மேலும் பலமாகத் தட்டுவது.

ஆனால் இவ்வுவமை சுழற்சியின் நடுவில் உடைந்துவிடுகிறது. டையீஸ்ட்ரஸ் காலத்தில் மெல்ல உயரத் தொடங்கும் ஈஸ்ட்ரடையால் புரோஈஸ்ட்ரஸ் நாளின் நண்பகலில் உச்சத்தை எட்டுகிறது. உயர்ந்த அளவு தொடர்ந்து நீடித்ததும், இதுவரை அடக்கி வந்த அதே ஹார்மோன் இப்போது தூண்டத் தொடங்குகிறது. தொட்டி நிறைந்ததும் நிற்க வேண்டிய மோட்டார் முழு வேகத்தில் ஓடுவது போன்ற நிலை இது. அன்று பிற்பகல் எல்.எச். பெருக்கெடுக்கிறது. அதன் பின் சுமார் 10 முதல் 12 மணி நேரத்தில், நன்கு முதிர்ந்த முட்டைப்பைகள் வெடித்து, பத்துக்கும் மேற்பட்ட கருமுட்டைகள் வெளியேறுகின்றன.

ஒரே ஹார்மோன் எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்வது எவ்வாறு என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்புச் செல்களில் இதற்குத் தேவையான முதன்மை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை என்பதால் புதிர் இன்னும் கடினமாயிற்று. விடைக்கான வழி 2003-இல் மனிதர்களிடமிருந்து கிடைத்தது. பருவமடையாத உறுப்பினர்களைக் கொண்ட சில குடும்பங்களில், கிஸ்பெப்டின் என்னும் புரதத்திற்குரிய ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருப்பது அவ்வாண்டு கண்டறியப்பட்டது. பின்னர் எலிகளிலும் சுண்டெலிகளிலும் செய்த ஆய்வுகள், ஹைபோதலாமஸில் கிஸ்பெப்டின் சுரக்கும் இரண்டு தனித்தனிச் செல் கூட்டங்கள் இருப்பதைக் காட்டின. ஈஸ்ட்ரடையால் ஒரு கூட்டத்தை அடக்குகிறது. முன்புறம் உள்ள மற்றொன்றைத் தூண்டுகிறது. முதலாவது நாள்தோறும் நடக்கும் கட்டுப்பாட்டையும், இரண்டாவது எல்.எச். பெருக்கையும் நடத்துகின்றன.

பிற்பகல் 2 மணி

இத்துறையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு 1950-இல் ஜான் எவரெட், சார்லஸ் சாயர் ஆகியோர் வெளியிட்டது. புரோஈஸ்ட்ரஸ் நாளில் பிற்பகல் 2 மணிக்கு முன்னதாக எலிக்கு பார்பிட்யூரேட் என்னும் மயக்க மருந்தைச் செலுத்தினால் அன்றிரவு கருமுட்டை வெளியேறாது. மாலை 4 மணிக்குப் பின் செலுத்தினால் தடை ஏற்படாது. தூண்டுதல் அதற்குள் நடந்து முடிந்திருக்கும். 2 மணியைத் தவறவிட்ட எலி, மயக்கம் தெளிந்ததும் அன்று மாலையே அதைச் செய்துவிடுவதில்லை. சரியாக ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் அதே பிற்பகலில் எல்.எச்.சை வெளியிடுகிறது. மறுநாளும் அதே நேரத்தில் மருந்து செலுத்தினால் மேலும் ஒரு நாள் தள்ளிப்போகிறது.

சினைப்பை தயாராக இருந்தால் மட்டும் போதாது, மூளையில் உள்ள நாட்கடிகாரமும் நேரம் வந்துவிட்டதெனக் கூற வேண்டும் என்பதை இது உணர்த்திற்று. சினைப்பை அகற்றிய எலிக்கு ஈஸ்ட்ரடையாலை மாறாத உயர் அளவில் கொடுத்தால், ஒவ்வொரு நாள் பிற்பகலிலும் எல்.எச். உயர்வதாக 1970-களில் கண்டறியப்பட்டது. இரவு பகல் இல்லாமல் இடைவிடாத வெளிச்சத்தில் வைக்கப்படும் எலிகளில் சுழற்சி சிதைகிறது. அவற்றின் சினைப்பைகளில் கருமுட்டை வெளியேறாத பல நீர்ப்பைகள் தங்கிவிடுகின்றன.

இதனைப் படிக்கும் இரவுப் பணிச் செவிலியர்களும் ஆலைத் தொழிலாளர்களும் அஞ்ச வேண்டியதில்லை. பெண்ணின் எல்.எச். பெருக்கு எலியைப் போல ஒரு குறிப்பிட்ட மணிக்குக் கட்டுப்பட்டதன்று. இரவுப் பணியில் இருப்போரிடம் மாதவிடாய் ஒழுங்கின்மை சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. எனினும், சினைப்பை நீர்க்கட்டிக்கு இரவு விளக்கே காரணம் என்று எலி ஆய்வை வைத்துக் கூறுவது பொருந்தாது.

புரோஜெஸ்டிரோன்

முட்டைப்பை வெடித்த இடத்தில் கார்பஸ் லூட்டியம் என்னும் மஞ்சள் நிறத் திசு உருவாகிறது. இதன் முதன்மைச் சுரப்பு புரோஜெஸ்டிரோன். எலியில் இத்திசு, இணைசேர்தல் நிகழாவிட்டால், ஓரிரு நாட்களில் செயலிழந்துவிடுகிறது. எலியின் சுழற்சி நான்கு நாட்களில் முடிவதன் இரகசியம் இதுவே. இணைசேர்ந்தால், கருப்பை வாயில் ஏற்படும் தூண்டுதலால் பிட்யூட்டரி நாளொன்றுக்கு இருமுறை புரோலாக்டினைப் பொங்கச் செய்து, கார்பஸ் லூட்டியத்தைக் காப்பாற்றுகிறது. கருத்தரிக்காத ஆண் எலியுடன் இணைந்தாலும் இது நிகழும். அப்போது 12 முதல் 14 நாட்கள் பொய்க் கர்ப்ப நிலை நீடிக்கும்.

இதைத் தவிர, புரோஈஸ்ட்ரஸ் மாலையில் எல்.எச். உயர்வைத் தொடர்ந்து புரோஜெஸ்டிரோனும் ஒருமுறை உயர்கிறது. பெண் எலி அன்றிரவு ஆண் எலியை ஏற்பதற்கு முதலில் ஈஸ்ட்ரடையாலும் அதன்மேல் புரோஜெஸ்டிரோனும் என்ற வரிசை தேவை. இரண்டாவது முதலில் வந்தால் விளைவு அவ்வாறு இராது. ஹார்மோன்களில் அளவைப் போலவே வரிசையும் பொருள் உடையது.

எலியும் பெண்ணும் வேறுபடும் இடங்கள்

பெண்ணின் கார்பஸ் லூட்டியம் எவ்விதத் தூண்டுதலும் இன்றித் தானாகவே சுமார் 14 நாட்கள் இயங்குகிறது. ஒருவருக்குச் சுழற்சி 28 நாட்களாகவும் மற்றொருவருக்கு 35 நாட்களாகவும் இருந்தால், வேறுபாடு பெரும்பாலும் முதற்பாதியில் இருக்கும். பிற்பாதி ஏறத்தாழ ஒன்றே. புரோஜெஸ்டிரோன் பரிசோதனையை 21-ஆம் நாளில் செய்யச் சொல்வது 28 நாள் சுழற்சி உடையவர்களுக்கு. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாட்கள் முன்பு என்பதே அதன் சரியான பொருள். 35 நாள் சுழற்சி உடையவர் 28-ஆம் நாளில் செய்துகொள்ள வேண்டும். 21-ஆம் நாளில் எடுத்த குறைந்த அளவைக் கண்டு "எனக்கு முட்டையே வெளிவருவதில்லையாம்" என்று கலங்கி வந்த பெண்களைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுள் சிலருக்கு நாள் மாற்றிச் செய்ததும் அளவு இயல்பாகவே இருந்தது. ஒரு மில்லி லிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருப்பின் கருமுட்டை வெளியேறியிருப்பதாகக் கொள்ளப்படுகிறது.

பெண்ணின் இரத்தத்தில் ஈஸ்ட்ரடையால் மில்லி லிட்டருக்கு ஏறத்தாழ 200 பிகோகிராம் அளவில் இரண்டு நாட்கள் நீடித்தால் எல்.எச். பெருக்கு தூண்டப்படுகிறது. பெருக்கு தொடங்கி 34 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும். மருந்துக் கடைகளில் விற்கப்படும், சிறுநீரைக் கொண்டு கருமுட்டை நாளைக் கண்டறியும் பட்டை இந்த எல்.எச்.சையே காட்டுகிறது. சினைப்பை நீர்க்கட்டி உள்ள சிலருக்கு எல்.எச். எப்போதும் சற்று உயர்ந்தே இருக்கும் என்பதால், பட்டையின் கோடு அவர்களை ஏமாற்றக்கூடும்.

முதுமையிலும் வேறுபாடு உண்டு. ஓராண்டு வயதை நெருங்கும் எலியில் சுழற்சி ஒழுங்கிழந்து, பின் நின்றுவிடுகிறது. ஆயினும் அதன் சினைப்பையில் முட்டைப்பைகள் எஞ்சியிருக்கும். அங்கே முதலில் தளர்வது பெரிதும் மூளையின் கட்டுப்பாடு. பெண்ணுக்கோ முட்டைப்பைகளின் இருப்பே தீர்ந்துவிடுகிறது. எனவே, முதிர்ந்த எலியில் சுழற்சியை மீட்ட ஒரு பொருள், நின்றுபோன மாதவிடாயைப் பெண்ணுக்கு மீட்டுத் தரும் என எதிர்பார்க்க இயலாது. "எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகத்துடன் விற்கப்படும் பொடிகளையும் லேகியங்களையும் வாங்குமுன் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வாசகம் பொய்யாக இல்லாமலிருக்கலாம். அது முழுமையான உண்மையும் ஆகாது.

லெட்ரோசோல் மாத்திரை மற்றொரு சான்று. ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் இம்மருந்தை எலிகளுக்குச் சில வாரங்கள் இடைவிடாது கொடுத்து, சினைப்பை நீர்க்கட்டி போன்ற நிலையை ஆய்வாளர்கள் உருவாக்குகின்றனர். அதே மருந்தைச் சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாட்கள் மட்டும் கொடுத்து, கருமுட்டை வெளியேறச் செய்கிறோம். ஐந்து நாட்கள் ஈஸ்ட்ரடையால் குறையும்போது மூளை தடையின்றி எப்.எஸ்.எச்.சைக் கூட்டுகிறது, முட்டைப்பை வளர்கிறது. மருந்து ஒன்றே, காலம் மாறியதும் விளைவு தலைகீழாகிறது. மருத்துவர் எழுதிய நாட்களுக்கு மேல் தாமாகவே தொடர்வதும், பக்கத்து வீட்டுப் பெண்ணின் சீட்டைக் காட்டி வாங்கி உண்பதும் ஏன் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும்.

"மாத்திரை போட்டு வரவைக்கலாமா?"

மூன்று நான்கு மாதங்கள் மாதவிடாய் வராத பெண்ணுக்கு, கருவுற்றிருக்கவில்லை என்பதை உறுதி செய்தபின், புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை பத்து நாட்களுக்குத் தரப்படுவதுண்டு. முடித்த சில நாட்களில் உதிரப்போக்கு ஏற்படும். "செயற்கையாக வரவைப்பது உடம்புக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் இதனைத் தடுப்பதும், பெண் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுவதும் வழக்கமாக உள்ளன. அவர்களின் கவலை புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் ஆபத்து மறுபுறத்தில் உள்ளது.

கருமுட்டை வெளியேறாவிட்டால் கார்பஸ் லூட்டியம் இல்லை. அது இல்லாவிட்டால் புரோஜெஸ்டிரோன் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் மாதக்கணக்கில் கருப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கும். தடையற்ற அவ்வளர்ச்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் சவ்வு தடிப்பதற்கும், சிலரிடம் புற்றுநோயாக மாறுவதற்கும் வாய்ப்புண்டு. புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியை நிறுத்திச் சவ்வை முதிரச் செய்கிறது. மாத்திரை நின்றதும் சவ்வு உதிர்கிறது. உதிரத்தை வரவைப்பதைவிட, கருப்பையைக் காப்பதே இம்மாத்திரையின் நோக்கம். கருப்பை உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை அளிக்கும்போது புரோஜெஸ்டிரோனையும் சேர்த்துத் தருவதும் இக்காரணத்தாலேயே.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

சுழற்சி 21 நாட்களுக்குக் குறைவாகவோ 35 நாட்களுக்கு மேலாகவோ தொடர்ந்து அமைந்தாலும், கருவுறாத நிலையில் மூன்று மாதங்கள் மாதவிடாய் வராவிட்டாலும், 15 வயது நிறைந்தும் பெண் பூப்பெய்தாவிட்டாலும், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நலப் பிரிவை அணுகவும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் சிறிதளவு உதிரம் கண்டாலும் காலந்தாழ்த்தாமல் வர வேண்டும்.

வரும்போது கடைசி மூன்று மாதவிடாய்கள் தொடங்கிய தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்து வரவும். முன்பு செய்த ஹார்மோன் பரிசோதனை அறிக்கைகள் இருப்பின், ஒவ்வொன்றும் மாதவிடாயின் எத்தனையாம் நாளில் எடுக்கப்பட்டது என்பதை அறிக்கையின் மேலேயே குறித்துவிடவும். உட்கொண்டு வரும் மாத்திரைகளின் அட்டைகளையும், கருத்தடை மாத்திரை உட்பட, உடன் கொண்டு வரவும்.